கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சேர்ந்து வாழும் மகளுக்கு

அன்புள்ள மகள்,

கலியாண எழுத்து எழுதாமல் சேர்ந்து இருப்பது உங்கள் இருவருடைய முடிவு. அதில் அம்மாவுக்கு மனக்குறை இல்லை. ஆனால் "மூன்று வருசம் ஆனால் கட்டின மாதிரித்தான்" என்று சொன்னாயே, அது பாதிதான் சரி.

வருமான வரிக்கு 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தாலே துணைவர் என்று பதிய வேண்டும். தனி ஆள் என்று விட்டால், அரசாங்கத்திடமிருந்து கூடுதலாக வந்த பணத்தைப் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். குடிவரவுக்கும் ஒரு வருசம்தான். நீ சொல்லும் மூன்று வருசம், பிரிந்தால் தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்குப் பணம், கேட்பதற்கு. பிள்ளை பிறந்திருந்தால் அந்தக் கணக்கும் இல்லை.

வீடுதான் எனக்குக் கவலை. கலியாணம் கட்டினவர்களுக்கு, கட்டின பிறகு கூடின சொத்தின் பெறுமதி பிரிந்தால் சமன் செய்யப்படும். உங்களுக்கு அது கிடையாது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் யார் பெயரோ அவருடைய வீடு. அவர் மோட்கேஜ் என்ற வீட்டுக் கடன், நீ சாப்பாட்டுச் சாமான் என்று செலவைப் பிரித்தால் உன் பங்கு கண்ணுக்கே தெரியாமல் போகும். உன் உழைப்பில் அவர் நியாயமில்லாமல் லாபமடைந்தார் என்று வழக்குப் போடலாம். 2011இல் கெர் எதிர் பரனோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி காட்டியிருக்கிறது. ஆனால் நிரூபிக்கும் பாரம் உன் தலையில். மோட்கேஜில் பாதியை உன் கணக்கிலிருந்தே அனுப்பு.

மரண சாசனம் இல்லாமல் அவருக்கு ஏதும் நடந்தால், பிள்ளையும் இல்லாவிட்டால், சொத்து அவருடைய தாய் தகப்பனுக்குப் போகும். அவருடைய உழைப்பில் தங்கியிருந்தவள் என்று நீ நீதிமன்றத்தில் பராமரிப்புக் கேட்கலாம், அதற்கும் பொதுவாக ஆறு மாதத் தவணைதான். ஆகவே இருவரும் சாசனம் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்துப் பெறுகிறவர் சாட்சி வைக்கக் கூடாது.

சேர்ந்து வாழும் ஒப்பந்தமும் வேண்டும். ஆளுக்கொரு சட்டத்தரணியை வையுங்கள், ஒருவரே இருவருக்கும் எழுதினால் பிறகு அதையே பிழையாகக் காட்டுவார்கள். சொத்து, கடன் எல்லாவற்றையும் இருவரும் காட்ட வேண்டும். முக்கியமானதை மறைத்தால் நீதிமன்றம் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம். சாட்சி முன்னால் கையெழுத்து. பிள்ளை யாரிடம் வளரும் என்பதை அதில் தீர்மானிக்க முடியாது.

வேலைக்கு வன்கூவர் போவதென்றால் கதை வேறு. அது இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இரண்டு வருசம் சேர்ந்து வாழ்ந்தாலே சொத்துப் பங்கீடு கட்டினவர்களுக்கு உள்ளது போலத்தான். கியூபெக் மாகாணத்தில் எத்தனை வருசம் வாழ்ந்தாலும் அப்படி இல்லை. 2025 ஜூன் 30 முதல் பிள்ளை பெறும் சோடிகளுக்கு மட்டும் குடும்ப வீடு போன்ற சிலவற்றில் பங்கு வந்திருக்கிறது.

இந்தக் கிழமையே உறுதியில் உன் பெயர் சேர்ப்பது பற்றி அவரோடு கதை. மோட்கேஜ் கொடுத்த வங்கியின் சம்மதமும் வேண்டும், அதை முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
அம்மா