புகார்: பாய்மரத்துக்குள் முறுக்கிக்கொண்ட கயிறுகள்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
செம்பூர், மும்பை.

பெறுநர்:
உரிமையாளர்,
படகு ரிக்கிங் பணிமனை, மும்பை.

நாள்: நவம்பர் 17

ஐயா,

வணக்கம். பாய் ஏற்றும் கயிறுகளை மாற்றித் தரச் சொல்லி என் என்டர்பிரைஸ் படகை (இருவர் ஓட்டும் சிறிய பாய்ப்படகு) அக்டோபர் 11 அன்று உங்களிடம் விட்டேன். 9,400 ரூபாய் கொடுத்தேன். நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை மாலை, கேட்வே எதிரே, நானும் என் மகளும் அந்தப் படகை எங்கள் கையாலேயே கவிழ்க்க வேண்டி வந்தது. ஏற்றிய பாய் இறங்கவில்லை. போனில் இரண்டு முறை சொல்லியும் நீங்கள் காது கொடுக்கவில்லை, அதனால் எழுத்தில் தருகிறேன். கடையில் நாம் தமிழில்தான் பேசிக்கொண்டோம். கடிதமும் தமிழிலேயே இருக்கட்டும்.

அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மதியத்துக்கு மேல் வழக்கமான வடமேற்குக் காற்று. ஐந்து மணி வாக்கில் திரும்பினோம். படகின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி, பெரிய பாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டால் பாய் தானாகச் சரிந்து விழ வேண்டும். ஒரு முழம் இறங்கி நின்றுவிட்டது. மகள் பாயைப் பிடித்துத் தொங்கியே பார்த்தாள். நீரோட்டம் எங்களைத் துறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. எலிபெண்டாவிலிருந்து திரும்பும் லாஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நேரம் அது. ஒரு லாஞ்ச் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனது. இறக்க முடியாத பாயோடு அந்தக் கூட்டத்துக்குள் போவதைவிட மேல் என்று, இருவரும் ஒரே பக்கம் சாய்ந்து படகைக் கவிழ்த்தோம். இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். மீட்புப் படகு சீக்கிரம் வந்தது. மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, பாயை விறைப்பாக வைத்திருக்கும் பட்டைகள் இரண்டு முறிந்தன, அவ்வளவோடு போயிற்று. ஆனால் அவளுக்கு வயது 14. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் பாய்மரத்தைக் கழற்றிக் கிடத்தி, அடிமூடியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய பாயின் கயிறு, ஜிப் பாயை, அதாவது முன்னால் உள்ள சிறிய பாயை, ஏற்றும் எஃகுக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. என்டர்பிரைஸில் ஜிப் கம்பியின் இழுப்பில்தான் பாய்மரமே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கம்பியை முறுக்கி இறுக்கியதும், அதைச் சுற்றிக் கிடந்த கயிறு இடுக்கியில் அகப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்த பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு மேலுறை பிசிறு பிசிறாகக் கிளம்பி நிற்கிறது. இன்னும் நாலைந்து தடவை ஏற்றி இறக்கியிருந்தால் அறுந்தே போயிருக்கும்.

இது எப்படி நடந்தது என்று உங்கள் பணிமனைப் பையனிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னான். பழைய கயிறு, கம்பி இரண்டையும் ஒரே நேரத்தில் உருவிவிட்டார்கள். நூல் எதுவும் கட்டவில்லை. பிறகு ஒரு வயரை விட்டுத் துழாவி எப்படியோ புதியவற்றைக் கோத்தார்கள். அந்தப் பையனைத் தயவுசெய்து எதுவும் சொல்லாதீர்கள். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அது உங்கள் பொறுப்பு.

பாவாடைக்கு நாடா மாற்றும் எந்தப் பெண்ணும் பழைய நாடாவின் நுனியில் புதியதைக் கட்டாமல் உருவ மாட்டாள். உருவிவிட்டால் அப்புறம் ஊக்கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நெளிய வேண்டும். ஆறு மீட்டர் அலுமினியக் குழாய்க்கும் அதே விதிதான். பழைய கயிற்றின் நுனியோடு மெல்லிய நூலை முனைக்கு முனை தைத்து, மேலே டேப் சுற்றி, கயிற்றை உருவினால் அதன் தடத்திலேயே நூல் வந்து நிற்கும். அந்த நூலில் புதியதைக் கட்டித் திரும்ப இழுக்க வேண்டும். ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்தது. கடைசியில், ஒன்றை இறுக்கிக் கட்டிவிட்டு மற்றதை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் ஓடினால் சரி. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் படகு உங்கள் வாசலைத் தாண்டியிருக்காது.

பில்லில் நீங்கள் 'ஹாலியார்ட்' என்று போட்டிருப்பதைத் தூத்துக்குடித் தோணிகளில் ஆஞ்சான் என்பார்கள். என் தாத்தா கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். ஆஞ்சானைத் தன் கையால் ஓட்டிப் பார்க்காமல் துறையை விட்டுக் கிளம்ப மாட்டாராம். நான் அன்று கரையில் ஓட்டிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. உங்களுக்குப் போன் செய்தேன். "புதுக் கயிறு அப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாயிடும்" என்றீர்கள். தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பி மகளை ஏற்றிக்கொண்டு போனேன். எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான்.

கயிறும் நாம் பேசியது இல்லை. 5 மில்லிமீட்டர், டைனீமா என்ற வலுவான செயற்கை இழையில் உள்ளிழை, பாலியெஸ்டர் மேலுறை என்று பில் சொல்கிறது. போட்டிருப்பது 8 மில்லிமீட்டர். உச்சிக் கப்பியின் பள்ளத்தில் அது உட்காரவே இல்லை, விளிம்பில் ஏறி உராய்கிறது. டைனீமா தண்ணீரில் மிதக்கும், பாலியெஸ்டர் மூழ்கும். கயிற்று நுனியில் ஒரு விரல் நீளம் வெட்டி, உள்ளிழையை மட்டும் பிரித்து நன்றாக நனைத்து பக்கெட்டில் விட்டேன். நேரே அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. நுனிகளை நூல் சுற்றிக் கட்டவும் இல்லை, கறுப்பு இன்சுலேஷன் டேப்தான். உப்புத் தண்ணீரில் ஒரே மாதத்தில் கழன்றுவிட்டது.

இது ஏதோ அபூர்வமான படகு, வழி தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்த வகை. இந்தியாவில் எத்தனையோ பேர் பாய்ப்படகு பழகுவதே இதில்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். பில்லில் உள்ள கயிற்றையே போட்டு, இரண்டையும் தனித்தனித் தடத்தில் ஓட்டி, என் முன்னால் இறுக்கிக் காட்டித் தர வேண்டும். அது முடியாதென்றால் 9,400 ரூபாயையும் திருப்பித் தாருங்கள், வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன். எப்படியானாலும் முறிந்த இரண்டு பட்டைகளின் விலை உங்களைச் சேர்ந்தது. அப்புறம், அக்டோபரில் உங்களிடம் வேலைக்கு வந்த மற்றப் படகுகளின் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, தண்ணீரில் இறங்கும் முன் கயிற்றை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இதை எனக்காகச் செய்ய வேண்டாம், அவர்களுக்காகச் செய்யுங்கள்.

நவம்பர் 30-க்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்வேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

பில்லின் நகல், கயிற்றின் படங்கள், வெட்டிய துண்டு மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பாய்மரத்துக்குள் இருப்பதை நான் உருவவில்லை, முறுக்கு அப்படியே இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து படகருகில் இருப்பேன். வரும்போது அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்