கவசத்தோடு வந்த நாலு பேர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்த தண்ணீர் முள்ளியாற்றுக்கு வந்து நாலு நாளாகிறது. நம் வாய்க்காலில் இன்னும் ஏறவில்லை. கடைமடை என்றால் அப்படித்தான். மாமா தினமும் விடிந்ததும் மதகடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, யாரையோ திட்டிக்கொண்டே வந்து காபி கேட்கிறார்.

போன ஞாயிறு நீ போனில் புலம்பியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒருத்தர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, காய் உருட்டிப் பலன் பார்க்கிற உன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு, யாருக்கும் தெரியாமல் அரண்மனைக்குள் புகுந்து ஒரு ஓலையை எடுத்து வரவேண்டும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து கதை கட்டியிருக்கிறாய். ஆட வந்த நாலு பேரும் தங்கள் பாத்திரத்தைச் சங்கிலிக் கவசம் போட்ட போர்வீரர்களாக எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெரிய எண் வந்தால்தான் காரியம் பலிக்கும், ஆனால் அந்தக் கவசத்தோடு பதுங்கப் பார்த்தால் காயை இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் எடுக்கவேண்டும். "எல்லாரையும் வேற கேரக்டர் எழுதிக்கிட்டு வரச் சொல்லப் போறேம்மா" என்றாய். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பேனாவைப் பிடித்தால்தான் யோசனை ஓடும், முப்பது வருஷப் பழக்கம்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன நோட்டும் காய்ப்பெட்டியும் சும்மா கிடக்கவில்லை. மே மாத லீவில் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்த ஆரம்பித்தேன், இப்போதும் ஞாயிறு தவறாமல் நடக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை, கேலி செய்வாய் என்று. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டபோது, திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கணக்கு டீச்சர் இதைத் தமிழில் நடத்துவாள் என்று நினைத்திருக்கவா போகிறார்கள்? முதல் நாளே இருபது முகக் காய் உருண்டு வாசல் சாக்கடையில் போய்விட்டது. இருபது சீட்டு எழுதிச் செம்பில் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டால்தான் கணக்கு சரியாக வரும். ஒருத்தன் 1 என்று எழுதிய சீட்டை மட்டும் திரும்பப் போடாமல் டவுசர் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான்!

உன் நோட்டில் இருந்த கதையைத்தான் எடுத்தேன். ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் ஒரு பூதம் உட்கார்ந்து தண்ணீரை அடைத்துவிடுகிறது, நாலு வீரர்கள் நீடாமங்கலம் வரை போய் அதை வெட்டித் தண்ணீர் விடவேண்டும். ஒரு சண்டைக்காரன், ஒரு மந்திரக்காரன், ஒரு திருடன், வைத்தியம் பார்க்க ஒரு பூசாரி என்று நீ கணக்குப் போட்டு எழுதியிருந்தாய். வந்தது என்ன தெரியுமா? ஒரு தவில்காரன், பூதத்தின் மகன், ஒரு நீர்நாய். கடைக்குட்டி ஆடாகத்தான் இருப்பேன் என்று அழுதான். சரி, ஆடு. அதனால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மேலத்தெரு தவில்காரர் பேரன்தான் அந்தத் தவில். 2014-ல் வந்த விதிப் புத்தகத்தில் பார்ட் என்று, பாட்டாலும் வாத்தியத்தாலும் மந்திரம் செய்கிற ஒரு வகை இருக்கிறதே, அதில் சேர்த்தேன். பூசாரி இல்லையே, காயம் பட்டால் என்ன செய்வது என்று தவித்துப் புத்தகத்தைப் புரட்டினால், பார்டுக்கும் காயம் ஆற்றும் மந்திரம் உண்டு. அவன் தவிலைத் தட்டினால் ரத்தம் நிற்கும் என்று வைத்துக்கொண்டோம். கோட்டை வாசலில் நீ ஆறு காவலர்களை நிறுத்திச் சண்டைக்குத் தயாராக வைத்திருந்தாய். பயல் கத்தியே எடுக்கவில்லை. "நான் மல்லாரி வாசிக்கிறேன்" என்றான். எதற்கடா என்றேன். "சாமி புறப்படறப்ப மல்லாரி வாசிச்சா எல்லாரும் ஒதுங்கி வழி விடுவாங்கல்ல?" இதற்கு மேல் நான் என்ன கேட்பது! 15 வந்தால் போதும் என்றேன். வெறுமனே எடுத்தால் 15 முதல் 20 வரை ஆறு சீட்டு, நூற்றுக்கு 30. இவ்வளவு நல்ல காரணம் சொன்னதற்காக இரண்டு முறை எடுத்துப் பெரியதை வைத்துக்கொள்ளச் சொன்னேன், அப்போது நூற்றுக்கு 51. இரண்டாவது சீட்டில் 17 வந்தது. ஆறு காவலர்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். நீ நாலு பக்கம் எழுதிய சண்டை அப்படியே கிடக்கிறது. இன்னொரு நாளைக்கு ஆகும்.

பூதத்தின் மகன்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பன்னிரண்டு வயது, எதற்கும் ஏட்டிக்குப் போட்டி. இவனை வைத்துக்கொண்டு பூதத்தை எப்படி வெட்டுவது? முதலில் கூட வருகிறவர்களின் மடியிலேயே கை வைப்பேன் என்றான். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ திருடனாகவே இரு, ஆனால் இவர்களோடு ஏன் கிளம்பி வந்தாய் என்று சொல், அதைச் சொல்லாமல் சீட்டைத் தொடாதே என்றேன். விளையாட்டுதானே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் மற்ற பிள்ளைகள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அவன் ஒரு வாரம் யோசித்து வந்து, "எங்கப்பாகிட்ட பேசிப் பாக்க வர்றேன்" என்றான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நோட்டில் பூதம் ஏன் தண்ணீரை அடைத்தது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லையே! அவனையே கேட்டேன். "காத்துல எங்க தென்னந்தோப்பு பூரா சாஞ்சிடுச்சு. தண்ணியாச்சும் கையில இருக்கட்டும்னு அப்பா அடைச்சுட்டாரு" என்றான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அவன் கைக்குழந்தை விட்டுக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளை. திண்ணையில் யாரும் பேசவில்லை, ஆடுகூட. அதற்குப் பிறகு பூதத்தை வெட்ட எந்தப் பிள்ளைக்கும் மனசு வரவில்லை. இப்போது முறைவைத்துத் தண்ணீர் விடுவது பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது, மேல்மடைக்கு எத்தனை நாள், கீழே எத்தனை நாள் என்று. நம் மாமாவைப் போல நாலு பேர் கத்துகிறார்கள்.

தம்பி, உன் ஆட்களும் அந்தத் தாளில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். நாலு பேரும் கவசம் எழுதினால், பதுங்க எங்களுக்கு ஆசையில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகவேண்டும் என்று அர்த்தம். அலுவலகத்தில் வாரமெல்லாம் பதுங்கியே இருக்கிறார்களோ என்னவோ. அந்த அரண்மனையில் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வைத்துவிடேன். முன்வாசல் வழியாகவே சம்பளத்துக்குப் போகட்டும். ஓலையைக் காக்கிற வேலையே அவர்களுக்குத்தான். திருடவும் வேண்டும், காக்கவும் வேண்டும். நீ எழுதிய அறைகள், ஆட்கள், சதி ஒன்றும் வீணாகாது, வாசல் ஒன்றுதான் மாறுகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆரம்பிக்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து என்ன மாதிரிக் கதை, யார் யார் என்று பேசவேண்டும், அதற்கு செஷன் ஜீரோ என்று பெயர் என எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். நீ பேசினாயா? நேராகக் கதையைப் பிரித்திருப்பாய். உங்கப்பாவும் இப்படித்தான், பெண் பார்க்க வந்த அன்றே பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

நீர்நாயை விட்டுவிட்டேனே. அடுத்த வீட்டுப் பெண், ஒன்பது வயது, வாயே திறக்காது. உனக்கும் தெரியும், நீ மிட்டாய் கொடுத்தபோது கதவுக்குப் பின்னால் நின்றதே, அதுதான். மிருகமாக மாறத் தெரிந்த ட்ரூயிட் என்ற வகை வேண்டும் என்று புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டியது. ஆட ஆடப் பாத்திரம் நிலை நிலையாக ஏறும், அவள் இருக்கிற இரண்டாம் நிலையில் நீந்துகிற மிருகமாக மாற முடியாது, நாலாம் நிலை வரவேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கோரையாற்றில் நீர்நாய் நீந்தாமல் என்ன செய்யும்? மிருகமாக இருக்கும்போது பேச முடியாது என்ற விதி மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாரா வாரம் நீர்நாய்தான். நீ அரசவையில் வைத்திருந்த விடுகதையை எடுத்து மதகுக்கு அடியில் கல்லில் வெட்டிவைத்தேன், தண்ணீருக்குள் போய்த் தடவிப் பார்க்கிறவருக்குத்தான் கிடைக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப, திண்ணையிலேயே முங்கிப் போய் எடுத்து வந்தாள். படித்ததை மற்றவர்களுக்குக் கையால் காட்டினாள். தவில்காரன் அதற்கு ஏற்றாற்போல் தட்டித் தட்டிப் புரியவைத்தான்.

இரண்டாம் நிலையில் ஒரு மணி நேரம்தான் மிருகமாக இருக்கலாம். அந்த விதியை நான் மூடிவைக்கவில்லை. வரும் ஞாயிறு பேச்சுவார்த்தை நடுவில் அவள் நேரம் முடிகிறது. பூதத்துக்கு முன்னால் மனுஷியாக நிற்பாள். என்ன சொல்வாளோ, சொல்லாமலே நிற்பாளோ தெரியாது. நோட்டில் இரண்டு பக்கம் காலியாக விட்டுவைத்திருக்கிறேன்.

யாராவது ஊருக்கு வந்தால் ஒரு இருபது முகக் காய் கொடுத்தனுப்பு. சாக்கடையில் விழுந்தாலும் தெரிகிற மாதிரி நல்ல மஞ்சளாக.

அன்புடன்,
அம்மா