வழி காட்டும் திரைக்கு முதல் இடம் கொடுங்கள்: கார் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு மடல்

கார்களின் உட்புறத்தை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். என் காரில் வரைபடம் காட்டும் திரை ஏசி துவாரங்களுக்குக் கீழே, கியர் ராடுக்குச் சற்று மேலே இருக்கிறது. ஓர் இரவு, பழக்கமில்லாத சாலையில், திரும்ப வேண்டியது முதல் திருப்பமா இரண்டாவதா என்று பார்க்கக் குனிந்தேன். நீலக் கோட்டைத் தேடிப் பிடித்து, அம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று புரிந்து நிமிர்ந்தால் கண்ணாடி முழுக்கச் சிவப்பு. முன்னால் போன வண்டியின் பிரேக் விளக்குகள்! ஒரு முழ இடைவெளியில் நின்றேன். பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்தது இரண்டு நொடிதான் இருக்கும். ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடிக்குள் கார் 44 மீட்டர் போய்விடும்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், திரையில் ஒரு பார்வை சராசரியாக 2 நொடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. சாதாரணக் கார்களில் திரையின் நடுப்புள்ளி, ஓட்டுநரின் கண்மட்டத்திலிருந்து 30 பாகைக்கு மேல் தாழக் கூடாது என்றும் சொல்கிறது. அதைக் கடைப்பிடிக்கக் கட்டாயம் எதுவும் இல்லை. இன்னொன்று, 30 பாகை என்பது கடைசி எல்லை. அதைத் தொட்டுவிட்டால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். திரை சாலைக்குப் பக்கத்தில் இருந்தால், வரைபடத்தைப் பார்க்கும்போதே முன்னால் எரியும் சிவப்பு விளக்கு கடைக்கண்ணில் பட்டுவிடும். முழங்கால் பக்கம் இருந்தால் படாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, தூரத்துச் சாலையைப் பார்த்த கண் கிட்டத்தில் இருக்கும் திரைக்குப் பழகவே கூடுதல் நேரம் ஆகிறது.

சரி, மேலே வைத்தால் போதுமா? போதாது. டேஷ்போர்டின் மேல் பலகை போல நிமிர்ந்து நிற்கும் திரைகளையும் பார்க்கிறேன். குள்ளமானவர் ஓட்டும்போது, சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையையே அது மறைத்துவிடலாம். உயரமானவரை மட்டும் உட்கார வைத்து அளவெடுக்காதீர்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகமானி இருக்கும் இடத்திலேயே அடுத்த திருப்பத்தின் அம்பு தெரிந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்புறம், கைபேசி. கார் பதினைந்து வருடம் ஓடும், அதிலுள்ள வரைபடம் அதற்கு வெகுமுன்பே பழசாகிவிடும். பிறகு எல்லோரும் கைபேசியைத்தான் நம்புகிறோம். அதை வைக்க நீங்கள் இடமே விடுவதில்லை. அதனால் சிலர் மடியில் வைக்கிறார்கள், சிலர் முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டுகிறார்கள். நான் மிகவும் பயப்படுவது, ஏர்பேக் மூடியின் மேலேயே தாங்கியை ஒட்டுகிறவர்களை நினைத்துத்தான். ஏர்பேக் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்துவிடும். அதன் வழியில் இருக்கும் கைபேசி கல் மாதிரி முகத்தில் வந்து அடிக்கும். வேகமானிக்குப் பக்கத்தில், ஏர்பேக்கை விட்டு விலகி, கைபேசியை இறுகப் பிடிக்கும் ஒரு சிறு தாங்கியும் சார்ஜ் வயருக்கு ஒரு துளையும் வைத்துக் கொடுங்கள்.

அடுத்த காரின் டேஷ்போர்டை வரையும்போது முதலில் திரையின் இடத்தை முடிவு செய்யுங்கள், ஏசி துவாரங்களை அதன் பிறகு வரையுங்கள். காற்று நான்கு விரற்கடை கீழிருந்து வந்தால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
தினமும் கார் ஓட்டும் ஒருவர்