ரேம் எங்கே போகிறது? சாப்ட்வேர் எழுதும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

இயங்குதளமும் உலாவியும் எழுதும் வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

காரைக்குடி செக்காலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் சிலர் இங்கே அழகப்பா பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் பெங்களூர், ஐதராபாத் என்று போயிருப்பீர்கள், அந்த உரிமையில் கேட்கிறேன். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 எம்பி ரேம் (ஓடுகிற வேலையை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) கேட்டது, 2021இல் வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி கேட்கிறது. 64 மடங்கு. இதில் எவ்வளவு எங்களுக்காக, எவ்வளவு உங்கள் வசதிக்காக?

நியாயமான செலவை நான் மறுக்கவில்லை. எது எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் ‘கேஷ்டு’ என்று காட்டுவதைப் பார்த்துப் பதறி வருகிறவர்களிடம், அது அடிக்கடி வேண்டியதை எடுத்து வைத்திருக்கும் இடம், வேறு புரோகிராம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். திரையும் வளர்ந்துவிட்டது. அந்தக் காலத்து 1024க்கு 768 திரையின் ஒரு முழுப் படத்துக்கு 3 எம்பி போதும், 4கே திரைக்கு 30 எம்பிக்கு மேல் ஆகும். 2018இல் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்த பிறகு குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் பிராசஸில், அதாவது ஒன்றை ஒன்று எட்டிப் பார்க்காத தனி அறையில், ஓட்ட ஆரம்பித்தது, அதற்கும் ரேம் ஆகும், பேங்க் பாஸ்வேர்டு பத்திரமாக இருக்க அது ஆகட்டும்.

மிச்சத்துக்குத்தான் கணக்குக் கேட்கிறேன். அரட்டைக்கு ஒரு ஆப், குறிப்பு எழுத ஒரு ஆப், மீட்டிங்குக்கு ஒரு ஆப், பிரித்துப் பார்த்தால் பலவற்றுக்குள்ளும் ஒரு முழு குரோமியம், அதாவது குரோமுக்கு அடிப்படையான உலாவியே, உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் எந்த வளவில் இடம் இருக்கும்? ஒரே புரோகிராமை எழுதி எல்லா சிஸ்டத்திலும் ஓட்டலாம், உங்களுக்கு ஆள்செலவு மிச்சம், புரிகிறது. அந்த மிச்சத்துக்கான பில் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. அவருக்கு வேண்டியது பில் போடுவதும், ஜிஎஸ்டி தளமும், வாட்ஸ்அப்பும் மட்டுமே. செய்தியும் வானிலையும் காட்டும் விட்ஜெட்டை யார் கேட்டது? மெஷினை ஆன் செய்ததும் தானாக எழுந்து வரும் பட்டியலை அணைப்பதே கடையில் எனக்குப் பாதி வேலை.

‘ரேம் போட்டுக்கொள்ளுங்கள், மலிவுதானே’ என்ற பழைய பதிலும் இப்போது செல்லாது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப் போய்ச் சேருவதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏறிக் கிடக்கிறது, மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், நான் திறந்து பார்த்து மூடத்தான் முடியும். பழைய மெஷினில் விண்டோஸ் 10ஐயே வைத்துக்கொள்ளலாம் என்றால் 2025 அக்டோபர் 14 உடன் அதன் ஆதரவும் முடிந்தது. இலவச இயங்குதளமான லினக்ஸ் போடலாமே என்பீர்கள், போட்டும் கொடுக்கிறேன், நன்றாகவே எழுந்து வருகிறது. அப்புறம் பத்து டேபைத் திறந்தால் அங்கேயும் அதே மூச்சுத் திணறல்தான்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உபரி எதுவானாலும் முதலில் அணைந்தே இருக்கட்டும், வேண்டியவர் போட்டுக்கொள்வார். அடுத்த பதிப்பை வெளியிடுவதற்கு முன்னால் 4 ஜிபி மெஷின் ஒன்றை மேசையில் வைத்து, பில்லிங் சாப்ட்வேர், ஜிஎஸ்டி தளம், வாட்ஸ்அப் மூன்றையும் திறந்து ஒரு நாள் முழுக்க நீங்களே வேலை பாருங்கள். முடியவில்லையா, சரி, குறைந்தபட்சம் 8 என்று நேர்மையாகப் போட்டுவிடுங்கள், 4ஐ நம்பி வாங்கிவிட்டு யாரும் என் கடைப் படி ஏற வேண்டியிருக்காது. உங்கள் ஆபீசில் அப்படி ஒரு மெஷின் தேடியும் கிடைக்கவில்லை என்றால், ஊருக்கு வரும்போது கடைக்கு வாருங்கள், இங்கே ஓர் அலமாரி நிறைய அந்த மாதிரி மெஷின்தான் இருக்கிறது.