மண் தின்னும் பிள்ளைக்கு அடி வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவியின் வயிற்றிலிருந்து முடி உருண்டை அகற்றப்பட்டது என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. டிரேயில் வைத்த கறுப்பு உருண்டையின் படம், 'விசித்திர நோய்' என்ற தலைப்பு, அறுவை சிகிச்சை வெற்றி என்று ஒரு வரி. அதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் ஏன் முடியைத் தின்றாள், மறுபடி தின்னாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது எழுதப்படுவதில்லை. குழந்தைகள் நலப் பிரிவில் வேலை செய்கிற எங்களுக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

உணவல்லாததைத் தின்னும் இந்த வேட்கைக்கு மருத்துவத்தில் 'பைக்கா' என்று பெயர். கண்டதையும் கொத்தும் ஒரு பறவையின் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல். பெயர்தான் புதிது. மசக்கையில் சாம்பலும் சுட்ட மண்ணும் கேட்கும் பெண்களை நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும். புறநானூற்றின் 20ஆம் பாட்டு, சேரனின் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டுத் தின்பார்களே தவிரப் பகைவரால் கொள்ள முடியாது என்கிறது. 'அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்' என்று பெண் பிள்ளைகளை இன்றும் மிரட்டுகிறோம். மழையைப் பற்றிப் பேசும் நேரத்தில் அந்தப் பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்திருக்கலாம். வெளுத்திருந்தால் ரத்தசோகையாக இருக்கக்கூடும்.

தவழும் குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்ளும். அது நோயல்ல. இரண்டு வயதைத் தாண்டியும், ஒரு மாதத்துக்கு மேலாக, சத்தே இல்லாத பொருளைத் தேடித் தேடித் தின்றால்தான் பைக்கா என்று பார்க்க வேண்டும். மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ், பல்பம், கரி, திருநீறு, காகிதம், சோப்பு, முடி, பஞ்சு என்று பட்டியல் நீளும். பச்சரிசியும் ஐஸ் கட்டியும் உண்ணும் பொருள்கள்தான். ஆனால் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து ஐஸை மெல்லும் பெண்ணுக்கும், படியரிசியை அள்ளி மெல்லும் பெண்ணுக்கும் பல நேரம் இரும்புச்சத்துக் குறைவுதான் இருக்கும்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கும், கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை. பைக்காவோடு வருகிறவர்களிடம் முதலில் இதைத் தேட வேண்டும். அதை விட்டுவிட்டு வாயில் வேப்பெண்ணெய் தடவுவதும் கையில் சூடு வைப்பதும் கொடுமை. பிள்ளை திருந்தாது, மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். மண் தின்பதால் மட்டும் ரத்தம் வற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தம் குறைந்ததாலும் மண் மேல் ஆசை வரும். தின்ற மண் உணவிலுள்ள இரும்பைக் குடலில் பிடித்துக்கொள்வதால் குறை இன்னும் கூடும். மண்ணோடு உருண்டைப் புழுவின் முட்டையும் உள்ளே போகும். வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்க்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் 11 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை என்பது நம் நாட்டுத் திட்டத்தின் கணக்கு. 11.5 இருக்கிறது, ஆனால் மண் தின்கிறது என்றால் 'நார்மல்' என்று திருப்பி அனுப்பக் கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் வேண்டும். காய்ச்சல், சளி உள்ள நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும். அவை தணிந்த பிறகு பார்ப்பது நல்லது.

சிகிச்சை எங்கே தவறுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரத்தசோகை உள்ள சிறு குழந்தைக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்பது வழக்கமான அளவு. 12 கிலோ குழந்தைக்கு 36 மில்லிகிராம். ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு வேறு. அரசு தரும் சிரப்பில் 1 மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு. கடையில் வாங்கும் சொட்டு மருந்து சிலவற்றில் 1 மில்லிக்கு 10, சிரப் சிலவற்றில் 5 மில்லிக்கு 30. அதே குழந்தைக்கு ஒன்றில் 1.8 மில்லி, இன்னொன்றில் 3.6, மற்றதில் 6 மில்லி ஆகிறது. 'பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தாங்க' என்று கொடுப்பதில்தான் பிழை. லேபிளில் 'எலிமென்டல் அயர்ன்' (மருந்திலுள்ள இரும்பின் அளவு மட்டும்) என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மருத்துவர் சொன்ன அளவை, பாட்டிலோடு வரும் அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ எடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம்.

இரும்பு மருந்து வெறும் வயிற்றில் நன்றாக ஏறும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம், விட்டுவிடக் கூடாது. பால், டீ, காபியோடு கொடுத்தால் பெரும்பகுதி வீண். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா உதவும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பல்லில் கறை படியாமலிருக்க நாக்கின் பின்பக்கமாக ஊற்றி, பிறகு தண்ணீர் குடிக்கவையுங்கள்.

மண் மேலுள்ள ஆசை பலருக்கு மருந்து தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே அடங்கிவிடும், ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே. 'இப்போ தின்கிறதில்லை' என்று அங்கேதான் பாட்டிலை மூடிவைத்துவிடுகிறார்கள். ரத்தம் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் கொடுத்தால்தான் சேமிப்பு நிறையும். பாதியில் நிறுத்தினால் சில மாதத்தில் பிள்ளை மறுபடி சுவரைச் சுரண்டும். ஒழுங்காகக் கொடுத்தும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராமாவது ஏறவில்லை என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு, புழு, குடல் கோளாறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கண்டதைத் தின்னும் பிள்ளை இருக்கும் வீட்டில் இரும்பு மாத்திரையே விஷமாகலாம். கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. 10 கிலோ குழந்தை பத்து மாத்திரையை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பார்க்க மிட்டாய் போல இருக்கும். பூட்டிவையுங்கள்.

இரண்டு வயதுப் பிள்ளை 'பாலைத் தவிர எதையும் தொடமாட்டான்' என்றால் காரணம் பெரும்பாலும் அந்த ஃபீடிங் பாட்டில்தான். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றையும் நிரப்பிவிடும். நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, ஈரல், சுவரொட்டி எல்லாம் நல்லவை. பீட்ரூட்டின் சிவப்பு இரும்பல்ல. குறை வந்த பிறகு உணவு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

கர்ப்பிணிகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது 'மண் தின்பாயா' என்று கேட்டால் 'இல்லை' என்பதுதான் பதில். கிராம சுகாதார செவிலியர்கள் தனியாக உட்காரவைத்து, 'பச்சரிசி, சாம்பல், திருநீறு, பல்பம், ஐஸ், இதில் எது மேல ஆசை வருதும்மா?' என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லலாம். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

சுவரையும் ஜன்னல் கம்பியையும் சுரண்டித் தின்னும் பிள்ளைக்கு ஈயம் இன்னொரு ஆபத்து. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் உரிந்துகொண்டிருக்கிறது. இரும்பு குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். மலச்சிக்கல், வயிற்று வலி, எதற்கும் எரிந்துவிழுதல், படிப்பில் மந்தம் என்று மெதுவாகக் காட்டும். ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பெயின்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தூசி வீடெங்கும் பரவும். நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளையை அன்று வேறு வீட்டில் விடுங்கள்.

ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு உள்ள பிள்ளைகளிடம் இரும்பு சரியாக இருந்தும் பைக்கா தொடரலாம். சிலருக்கு மொறுமொறுப்பு வேண்டியிருக்கிறது, சிலருக்குச் சவ்வுத்தன்மை. எப்போது, எங்கே, எதைத் தின்கிறது என்று ஒரு வாரம் எழுதிவைத்தால் பிடிபடும். சாக்பீஸைக் கடிப்பவனுக்கு அதே நேரத்தில் பொரியோ கேரட் துண்டோ கொடுத்துப் பார்க்கலாம். திட்டுவதால் கிடைக்கும் கவனமே சில பிள்ளைகளைத் திரும்பத் திரும்பத் தின்னவைக்கும்.

முடி தின்பதும் பெரும்பாலும் முடியைப் பிடுங்கும் பழக்கத்தோடு வருவது. தலையில் திட்டுத் திட்டாக வழுக்கை, வாய் நாற்றம், மேல் வயிற்றில் கட்டி, வாந்தி, எடைக் குறைவு இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். முடி செரிக்காது. இரைப்பையின் மடிப்புகளில் சிக்கி அதன் வடிவத்திலேயே உறைந்துவிடும். பெரிதாகிவிட்டால் எண்டோஸ்கோப்பியால் (வாய் வழியே குழாய் விட்டு) எடுப்பது கடினம். அறுவைக்குப் பிறகு மனநல மருத்துவரிடம் அனுப்பாவிட்டால் மீண்டும் உருண்டை சேரலாம்.

பட்டன் பேட்டரி, காந்தம், கற்பூரம், அந்துருண்டை இவற்றில் எதை விழுங்கினாலும் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உடனே 108. உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். கற்பூரம் வலிப்பை வரவழைக்கும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள்களில் மாத்திரை பற்றிய செய்தியோடு, மண் தின்னும் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள். முடி உருண்டைச் செய்தி அடுத்த முறை வரும்போது 'விசித்திர' என்ற சொல்லை எடுத்துவிட்டு, ரத்தசோகை இருந்ததா, மனநலப் பிரிவுக்கு அனுப்பினீர்களா என்று மருத்துவர்களிடம் கேட்டு, உருண்டையின் எடைக்குப் பக்கத்தில் அந்தப் பதிலையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
மதுரை