கேமரா வெளியே வந்துவிட்டது, நன்றிதான் பாக்கி

முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கும், கூலி வாங்காமல் வேலை பார்த்தவர்களுக்கும், திட்டிக்கொண்டே உதவியவர்களுக்கும் வணக்கம்.

முதல் தொகுதியின் கடைசிப் பெட்டியும் கூரியரில் ஏறிவிட்டது. ரா வடிவில், அதாவது சென்சார் கண்டதை அப்படியே பதிவுசெய்யும் சினிமா கேமராவை, குறும்படக்காரர்கள் வாங்கக்கூடிய விலையில், கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியுமா என்று பலர் கேட்டார்கள். எங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அது தீர்ந்தது யார் யாரால் என்று எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது.

முதல் வணக்கம் நாங்கள் நேரில் பார்த்திராதவர்களுக்கு. எங்கள் கேமராவின் கண்ணும் மூளையும் கடையில் கிடைப்பவை. ராஸ்பெர்ரி பை கணினிப் பலகை, அதற்கென 2020இல் வந்த உயர்தரக் கேமரா தொகுதி, அதற்குள் சோனியின் ஐஎம்எக்ஸ்477 சென்சார். இந்தச் சிறு பலகையைச் சினிமாவுக்குப் பழக்கிய ‘சினிபை’ திட்டத்தார் தங்கள் நிரலைப் பொதுவில் வைத்திருக்காவிட்டால் நாங்கள் தொடங்கியே இருக்க மாட்டோம். வியன்னாவின் அபெர்ட்டஸ் குழு தாங்கள் உருவாக்கிய ஆக்சியம் சினிமா கேமராவின் மின்சுற்று வரைபடத்தைக்கூட மறைக்கவில்லை. டிஜிட்டல் போலெக்ஸ் என்ற கேமரா நிறுவனம் கற்றுத் தந்தது வேறு பாடம். 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டார்கள், இரண்டரை லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. கேமராவும் அருமை. ஆனால் 2016இல் கடையைக் கட்டிவிட்டார்கள். அதைப் படித்த பிறகுதான், கையில் இருக்கும் பணத்துக்கு எத்தனை செய்ய முடியுமோ அத்தனைக்கு மட்டும் முன்பதிவு என்று முடிவெடுத்தோம்.

அடுத்து, எங்கள் ஒலிப்பதிவாளர். நொடிக்கு 24 பிரேம், 2028க்கு 1080 புள்ளிகள், 12 பிட் என்று கணக்குப் போட்டால் நொடிக்கு 79 மெகாபைட் வருகிறது. ஒரு நிமிடக் காட்சிக்கு 4.7 ஜிபி. கேமராவுக்குள்ளேயே ராவைச் சுருக்கிவிடலாமே என்பீர்கள். அதற்கான ரெட் நிறுவனத்தின் காப்புரிமையை எதிர்த்துப் போன ஆப்பிளுக்கே 2019இல் தோல்விதான், நமக்கெதற்கு வம்பு. சுருக்காமல் அப்படியே எழுதுகிறோம். எழுத எழுதப் பலகை கொதிக்கிறது, மின்விசிறி வேகமெடுக்கிறது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரில் இருந்தவரின் வசனத்தை விட விசிறிதான் தெளிவாகக் கேட்கிறது என்றார். டேக் ஓடும்போது விசிறி நிற்க வேண்டும் என்பதில் கடைசிவரை இறங்கி வரவில்லை. அதனால்தான் கேமராவின் அலுமினிய உடம்பே வெப்பத்தை வெளியேற்றும்படி மாற்றினோம். கையில் பிடித்தால் சூடாக இருக்கிறது என்று எழுதிய நண்பர்களே, அந்தச் சூடு வேண்டுமென்றே வெளியே விட்டதுதான்.

உடம்பு சூடானதும் சிக்கல் எங்கள் ஊர் கணபதி பகுதியில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனது. சி மவுன்ட் என்ற திருகு வகை லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் சென்சாருக்கும் இடையே 17.526 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பம்பு செட்டுக்குத் தண்டு கடைந்து பழகிய அந்த அண்ணன் எண்ணைப் பார்த்துச் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஓடிச் சூடான கேமராவைத்தான் அளக்க வேண்டும் என்றவர் அவர். கணக்கு அவர் பக்கம்தான். 17 மில்லிமீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் 12 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீளும். அகலக் கோண லென்ஸில், துளையை முழுதாகத் திறந்து வைத்தால், தூரத்து மலை மங்குவதற்கு அது போதும். அலுமினியத்தைக் காக்கும் அனோடைசிங் பூச்சும் சில மைக்ரான் ஏறி நிற்கும் என்பதால் லென்ஸ் உட்காரும் முகத்தை மட்டும் மூடிவிட்டுப் பூச்சுக்கு அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக அளந்து, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளை அவரே நறுக்கி வைத்தார். உங்கள் கேமராவின் மவுன்ட்டைக் கழற்றினால் உள்ளே தகட்டின் ஓரத்தில் ஊசியால் கீறிய எண் தெரியும், அது அவர் கையெழுத்து. தயவுசெய்து கழற்றாதீர்கள். ஜி. டி. நாயுடுவின் கண்டுபிடிப்புகளில் சினிமா கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றும் உண்டு என்று அவரிடம் சொன்னேன். அப்படியானால் இந்த ஊருக்கு இது பழைய வேலைதான் என்றார்.

நிறத்தைக் கவனித்த சகோதரி சென்னையில் கலரிஸ்ட், படங்களின் நிறத்தைச் சரிசெய்பவர். சோதனை அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, டீக்கடை டியூப்லைட்டில் நம் ஊர் முகங்களை எடுத்து அனுப்பச் சொன்னார். மாநிறம் பச்சையடிப்பதை அட்டை காட்டிக்கொடுக்கவில்லை, முகங்கள் காட்டிக்கொடுத்தன. ஒவ்வொரு பிரேமுக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சம் என்பதை முடிவுசெய்யும் ஷட்டர் கோணத்தின் தொடக்க நிலை வழக்கமான 180 டிகிரியாக இல்லாமல் 172.8 ஆக இருப்பதும் அவர் வற்புறுத்தியதுதான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்குகள் மினுங்காமல் இருக்க அதுதான் வழி.

சிப் தட்டுப்பாட்டுக் காலத்தில் தங்கள் புராஜெக்ட் பலகைகளைக் கழற்றிக் கொடுத்த பொறியியல் மாணவர்களுக்கும், இது கேமராவா கணினியா என்று சுங்கத்தில் கேட்டபோது பொறுமையாக எழுதிக் கொடுத்த முகவருக்கும் நன்றி.

முன்பணம் கட்டியவர்களில் சிலர் தாமதத்தால் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். அவர்களுக்கும் நன்றி, கேட்டது நியாயம். சோதனைக் கேமராவை வாங்கிப்போன மதுரை ஒளிப்பதிவாளருக்குத் தனி வணக்கம். பதிவுப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அணைக்கும் பொத்தானை வைத்தவன் எவன் என்று கேட்டுக் குறை எழுதி அனுப்பினார். இப்போது அது பின்பக்கம் இருக்கிறது.

இன்னும் தீராதது ஒன்று. காட்சியைச் சேமிக்கும் சில எஸ்எஸ்டிகளில் நீண்ட டேக்கின் நடுவே பிரேம் விழுகிறது, அதாவது பதிவாகாமல் போகிறது. எந்த எஸ்எஸ்டி, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து அனுப்புங்கள், அடுத்த நிரலில் பார்த்துவிடுகிறோம். ஷிம் தகடு வேண்டுபவர்கள் கேமராவோடு பட்டறைக்கே வரலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அண்ணன் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விடுவார்.