கடிதத்தில் விட்டுப்போன இரண்டு பெயர்கள்

அன்புள்ள மணி,

பொங்கல் வாழ்த்துக்குக்கூட நான் பதில் போடவில்லை என்று நீ கிட்டுவிடம் புலம்பியது வந்து சேர்ந்தது. நியாயமான புலம்பல்தான். இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு வேலை மாற்றம், எனக்குச் சர்க்கரை அதே அளவில் நிற்கிறது, வேறு விசேஷம் இல்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கிரேக்கர்கள். சிரிக்காதே. நீ ஸ்பார்ட்டா, நான் ஏதென்ஸ் என்று கத்திக் கத்தியே விடுதிக் காப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோமே, அந்த வழக்கில் என் கட்சிக்காரன் செய்த ஒரு காரியம் மண்டையைக் குடைகிறது. உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்ட?

கி.மு. 406. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நீண்ட போர் நடந்துகொண்டிருக்கிறது. ஏதென்ஸின் கடற்படைத் தளபதி கொனோனை ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தலைவர் கல்லிக்ரடிடாஸ் மித்திலீனி துறைமுகத்தில் முடக்கிப் போட்டுவிட்டார். மீட்க வேண்டும், ஆனால் துடுப்பு வலிக்க ஆளில்லை. அடிமைகளை ஏற்றினார்கள், குதிரை வைத்திருக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் பலகையில் உட்கார்ந்தார்கள். 30 நாளில் 110 கப்பல் கிளம்பிவிட்டது. வழியில் சேர்ந்தவற்றோடு 150க்கு மேல். ஆர்கினூசே தீவுகளுக்குப் பக்கத்தில் மோதல். உன் ஆளிடம் 120தான். பின்வாங்கிவிடலாம் என்று சுக்கான் பிடிப்பவர் சொன்னதற்கு, ‘நான் செத்தால் ஸ்பார்ட்டாவுக்கு ஒன்றும் குறையாது, ஓடினால்தான் கேவலம்’ என்றாராம். மோதிய வேகத்தில் கடலில் விழுந்தார், அவ்வளவுதான். மார் தட்டிக்கொள், இந்த ஒரு தடவை அனுமதிக்கிறேன். ஆனாலும் ஜெயித்தது நாங்கள்.

ஏதென்ஸ் தரப்பில் போனது 25 கப்பல். ஒரு கப்பலுக்குச் சுமார் 200 பேர். கணக்குப் போட்டுக்கொள். உடைந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு பலர் இன்னும் உயிரோடு மிதக்கிறார்கள். அங்கிருந்த எட்டுத் தளபதிகளும் கூடிப் பேசுகிறார்கள். எல்லாரும் போய்த் தூக்கலாம் என்கிறார் டயோமெடான். இல்லை, மித்திலீனியில் இருக்கும் எதிரியை முதலில் அடிப்போம் என்கிறார் இன்னொருவர். கடைசியில் இரண்டும் செய்வதென்று முடிவு. தெராமெனஸ், திராசிபூலஸ் இருவரிடமும் 47 கப்பல்களை விட்டு, மீட்கும் வேலையை ஒப்படைத்தார்கள். இருவரும் முன்பு தளபதிகளாக இருந்தவர்கள், அந்த வருஷம் வெறும் கப்பல் தலைவர்கள். அதற்குள் புயல். ஒருவரும் எங்கும் நகர முடியவில்லை. மிதந்தவர்கள் செத்தார்கள்.

இனிதான் விஷயமே. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும். யாரிடம் வேலையை விட்டோம் என்பதையும் எழுதுவோம் என்று சில தளபதிகள் சொல்கிறார்கள். அந்த எட்டில் ஒருவரான பெரிக்ளிஸும் டயோமெடானும் தடுத்துவிடுகிறார்கள். பாவம், அவர்கள் மேல் பழி விழுமே என்று. புயல் என்று மட்டும் எழுதிப் போட்டார்கள். மணி, இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

ஊர் திரும்பியதும் அவைக்கு முன்னால் நின்று ‘தளபதிகள்தான் பதில் சொல்ல வேண்டும்’ என்றது யார்? அதே தெராமெனஸ். ஆதாரமாகக் காட்டியது எதை? அதே கடிதத்தை. பாருங்கள், புயலைத் தவிர வேறு யாரையும் குறை சொல்லவில்லையே என்று.

முதல் நாள் கூட்டத்தில் தளபதிகள் பக்கம்தான் காற்று அடித்தது. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. தூக்கிய கையை எண்ண முடியாத இருட்டு என்று தள்ளி வைத்தார்கள். இடையில் அபட்டூரியா பண்டிகை, சொந்தபந்தமெல்லாம் கூடும் நாள். அடுத்த கூட்டத்துக்குக் கறுப்பு உடுத்தி, தலையை மழித்துக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். தெராமெனஸின் ஆட்கள் கூட்டி வந்த போலித் துக்கக்காரர்கள் என்கிறார், இதையெல்லாம் எழுதி வைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. உடல் கிடைக்காமல், ஒரு பிடி மண் போடாமல் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, நடிக்க எதற்கு ஆள்? மாவுப் பீப்பாயைப் பிடித்துத் தப்பினேன் என்று ஒருவன் எழுந்தான். முழுகியவர்கள் தளபதிகளைப் பற்றிச் சொல்லச் சொல்லி அனுப்பினார்கள் என்றான். அப்புறம் யார் கேட்பார்கள் சட்டத்தை?

ஆட்சி மன்ற உறுப்பினர் கல்லிக்சேனஸ் கொண்டுவந்த தீர்மானம் இது: தனித்தனி விசாரணை கிடையாது, எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. யூரிப்டோலமஸ் என்ற ஒருவர், ஒவ்வொருவரையும் தனியாக விசாரியுங்கள், என் உறவினன் பெரிக்ளிஸிலிருந்தே ஆரம்பியுங்கள் என்று மன்றாடினார். மக்கள் நினைத்ததைச் செய்ய விடாமல் தடுப்பதா என்று ஒரே கூச்சல். அன்றைக்குக் கூட்டம் நடத்தும் குழுவில் 50 பேர். சட்டவிரோதம் என்றவர்களும் மிரட்டலில் பணிந்தார்கள், ஒருவரைத் தவிர. சாக்ரடீஸ்தான், வேறு யார்? நாம் அவருடைய நஞ்சுக் கோப்பையை மட்டும் மனப்பாடம் செய்தோம், இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அங்கே இருந்த ஆறு பேரையும் கொன்றார்கள். இரண்டு பேர் முதலிலேயே ஊர்ப்பக்கம் வராமல் தப்பினார்கள். செத்தவர்களில் பெரிக்ளிஸ் யார் தெரியுமா? ஏதென்ஸை வழிநடத்திய அந்தப் பெரிய பெரிக்ளிஸுக்கும் வெளியூர்க்காரியான ஆஸ்பேசியாவுக்கும் பிறந்தவர். தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருக்க வேண்டும் என்று அப்பா கொண்டுவந்த சட்டப்படியே குடியுரிமை இல்லாமல் இருந்தார். கொள்ளைநோயில் மற்ற இரு மகன்களும் போனபின் அப்பா கெஞ்சியதற்கு இரங்கி, ஏதென்ஸ் மக்கள்தான் அவருக்கு விதிவிலக்குக் கொடுத்தார்கள். சீக்கிரமே வருந்தினார்களாம். கல்லிக்சேனஸ் பின்னாளில் எல்லாரும் வெறுக்கப் பட்டினியில் செத்தார். வருந்தி என்ன? அடுத்த வருஷம் ஈகோஸ்போடாமியில் ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் கிட்டத்தட்ட மொத்தக் கடற்படையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சரி, தெராமெனஸ் நாசமாகப் போகட்டும் என்று நீ சொல்வாய். போனார். போரில் தோற்றபின் வந்த முப்பதின்மர் ஆட்சியில் அவரும் ஒருவர். கூட்டாளி கிரிட்டியாஸே அவர் பெயரை, வாக்கெடுப்பில்லாமல் கொல்லக்கூடாதவர்களின் பட்டியலிலிருந்து அடித்து, வாக்கெடுப்பே இல்லாமல் நஞ்சு குடிக்க வைத்தார். ஆனால் கடிதத்தில் விட்டுப்போன இன்னொரு பெயர் இருக்கிறதே, திராசிபூலஸ்? சுமார் 70 பேரோடு தீப்ஸிலிருந்து வந்து ஃபைலே கோட்டையைப் பிடித்தவர், முப்பதின்மரை விரட்டி, கி.மு. 403இல் மக்களாட்சியைத் திரும்பக் கொண்டுவந்தவர் அவர்தான். அன்றைக்கு அந்த இரண்டு பெயரையும் எழுதியிருந்தால், அந்தக் கூட்டம் இவரையும் விட்டிருக்குமா? பெரிக்ளிஸும் டயோமெடானும் செய்தது முட்டாள்தனம் என்று சொல்ல வாயெடுத்தால் இந்த ஆள் குறுக்கே வந்து நிற்கிறார்.

உன் தீர்ப்பை எழுது. ஸ்பார்ட்டாக்காரன் மாதிரி இரண்டு வார்த்தையில் முடிக்காதே. கிட்டுவிடம் வாங்கிய புத்தகத்தை நீ இன்னும் தரவில்லையாம், அவனும் ஒரு கடிதம் தயார் செய்துகொண்டிருக்கிறான். அதில் பெயர் விட்டுப்போகாது.

அன்புடன்,
சேது